வாள் சீட்டு வந்தால், அது யாருடைய கோபம்?

கேள்வி: தோழியோடு கூட்டு சேர்ந்து ஆறு வருடம் தையல் கடை நடத்தினேன். போன வருடம் அவள் வாடிக்கையாளர்களையும் இரண்டு தையல்காரர்களையும் கூட்டிக்கொண்டு போய் அடுத்த தெருவிலேயே தனிக்கடை போட்டுவிட்டாள். என் பங்குப் பணமும் வரவில்லை. 'அவளுக்குத் தண்டனை கிடைக்குமா?' என்று கேட்டு, குறி பார்க்கும் டாரட் சீட்டு எடுத்தேன். த்ரீ ஆஃப் ஸ்வார்ட்ஸ் (மூன்று வாள்), ஃபைவ் ஆஃப் ஸ்வார்ட்ஸ் (ஐந்து வாள்), கடைசியாக ஜஸ்டிஸ் (நீதி) தலைகீழாக வந்தன. எனக்கு நியாயமே கிடைக்காதா? கோபத்தையும் பழிவாங்கும் எண்ணத்தையும் காட்டும் சீட்டுகள் எவை?
– மதுரை வாசகி

பதில்: முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஜஸ்டிஸ் தலைகீழாக வந்ததால் நியாயம் கிடைக்காது என்று அர்த்தம் இல்லை. அந்தப் பயத்தை இப்போதே விட்டுவிடுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

டாரட்டின் 78 சீட்டுகளில் 'பழி' என்று பெயர் வைத்த சீட்டு எதுவும் கிடையாது. நீங்கள் வைத்திருப்பது பெரும்பாலும் 1909-ல் லண்டனில் வெளிவந்த ரைடர்-வெயிட் சீட்டுக்கட்டாகவோ அதன் வழிவந்ததாகவோ இருக்கும். ஆர்தர் எட்வர்ட் வெயிட் திட்டமிட, பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்த கட்டு அது. அதில் கோபம் ஒரே சீட்டில் இல்லை, பல சீட்டுகளில் பிரிந்து கிடக்கிறது. நாமும் சிடுசிடுப்பு, ஆத்திரம், வன்மம் என்று தனித்தனியாகத்தானே சொல்கிறோம்? சீட்டுகளையும் அப்படிப் பிரித்துப் பார்த்தால் எளிதாகப் புரியும்.

சட்டென்று மூண்டு சட்டென்று அடங்கும் கோபம் வாண்ட்ஸ், அதாவது கோல் சீட்டுகளில் இருக்கும். ஃபைவ் ஆஃப் வாண்ட்ஸில் ஐந்து இளைஞர்கள் கோலைத் தூக்கிக்கொண்டு மல்லுக்கு நிற்பார்கள். ஆனால் ஒருவர் மேலும் அடி விழுந்திருக்காது. வீட்டுச் சண்டை, ஆபீஸ் வாக்குவாதம் எல்லாம் இந்த ரகம். வெடித்துச் சிதறும் ஆத்திரத்துக்கு டவர். இடி விழுந்து, கோபுரத்தின் உச்சியில் இருக்கும் கிரீடம் கழன்று, இரண்டு பேர் தலைகுப்புற விழுவார்கள். பொங்கும் கோபத்தைக் கையால் பிடித்து நிறுத்துவதற்கு ஸ்ட்ரென்த். ஒரு பெண் சிங்கத்தின் வாயில் அமைதியாகக் கை வைத்திருப்பாள்.

ஆறாமல் உள்ளுக்குள் கறுவிக்கொண்டிருக்கும் கோபம் வாள் சீட்டுகளுக்கு உரியது. உங்களுக்கு இரண்டு வாள் வந்திருப்பதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

த்ரீ ஆஃப் ஸ்வார்ட்ஸில் ஆளே கிடையாது. ஒரு இதயம், அதில் மூன்று வாள், பின்னால் மழை. 15-ம் நூற்றாண்டு இத்தாலியின் சோலா-புஸ்கா சீட்டுக்கட்டிலும் இதே சீட்டில் வாள் தைத்த இதயம் உண்டு. வன்மம் இங்கிருந்துதான் கிளம்புகிறது. அதாவது முதலில் காயம். ஆறு வருடம் ஒன்றாகச் சாப்பிட்டு ஒன்றாகக் கடை சாத்தியவள் போய்விட்டாள் என்பதுதான் உங்கள் காயம். பணம் அப்புறம்தான்.

ஃபைவ் ஆஃப் ஸ்வார்ட்ஸைக் கையில் எடுத்து நிதானமாகப் பாருங்கள். முன்னால் நிற்பவன் இரண்டு வாளைத் தோளில் சாய்த்து, மூன்றாவதைக் கையில் வைத்திருக்கிறான். இரண்டு வாள் தரையில் கிடக்கின்றன. அந்தப் பக்கம் தோற்ற இருவர் தண்ணீர்க் கரையை நோக்கி நடக்கிறார்கள். ஒருவர் முகத்தைக் கையால் மூடியிருக்கிறார். ஜெயித்தவன் அவர்களைத் திரும்பிப் பார்க்கிறான், முகத்தில் ஏளனம். மேகமோ கிழித்துப் போட்ட துணி மாதிரி இருக்கிறது. என்னைக் கேட்டால் பழிவாங்கலுக்கு மிக நெருங்கிய சீட்டு இதுதான். வாளெல்லாம் அவன் வசம், ஆனால் அவனோடு நிற்க ஒரு ஆள் இல்லை.

அந்த ஆள் உங்கள் தோழி என்று நீங்கள் எடுத்துக்கொண்டிருப்பீர்கள். இருக்கலாம். ஆனால் சீட்டைக் கலைத்தது உங்கள் கை, கேள்வியும் உங்களுடையது. கோபத்தோடு உட்கார்ந்து எடுக்கும்போது வரும் சீட்டை முதலில் உங்கள் மேல் வைத்துப் பாருங்கள். 'அவளைத் தலைகுனிய வைத்து நான் இப்படி நின்று பார்க்க வேண்டும்' என்ற ஆசை உள்ளே இருக்கிறதா? இருந்தால் அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஏமாற்றப்பட்டவருக்கு வராமல் வேறு யாருக்கு வரும்?

இந்த வரிசையில் இன்னும் இரண்டு சீட்டுகளைத் தெரிந்துகொள்ளுங்கள். செவன் ஆஃப் ஸ்வார்ட்ஸில் ஒருவன் கூடாரத்திலிருந்து ஐந்து வாளை அள்ளிக்கொண்டு நழுவுகிறான், பிடித்திருப்பது கைப்பிடியை அல்ல, அலகை. மறைவில் திட்டம் போடும் பழிக்கு இது பொருந்தும். நைன் ஆஃப் ஸ்வார்ட்ஸில் ஒருவர் நடு ராத்திரியில் எழுந்து உட்கார்ந்து முகத்தைப் பொத்தியிருப்பார். எல்லோரும் சுவரில் உள்ள ஒன்பது வாளைப் பார்ப்பார்கள். நான் கட்டிலின் பக்கப் பலகையைக் காட்டுவேன். ஒருவன் இன்னொருவனை வாளால் வீழ்த்தும் காட்சி அதில் செதுக்கப்பட்டிருக்கும். முடிந்துபோன சண்டை, ஆனால் தினமும் அதன் மேல்தான் படுக்கை. தூக்கம் கெடுகிறது என்றால் உங்களுக்கு இந்தச் சீட்டு வராவிட்டாலும் இதை எடுத்து ஒருமுறை பாருங்கள்.

சரி, ஜஸ்டிஸுக்கு வருவோம். வலது கையில் நிமிர்ந்த வாள், இடது கையில் தராசு. பழி வாளை மட்டும் கேட்கும், இந்தச் சீட்டு இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும். இது தலைகீழாக வந்தால் சட்டச் சிக்கல், பாரபட்சம், அளவுமீறிய கடுமை என்று வெயிட் பொருள் தருகிறார். நீங்கள் கேட்டது தண்டனையைப் பற்றி. அதற்கு அளவுமீறிய கடுமை என்ற சீட்டு வந்திருக்கிறது. கேள்வியே கொஞ்சம் சாய்ந்திருக்கிறது என்றுதான் நான் படிப்பேன்.

சட்டம் என்ற வார்த்தையையும் விட்டுவிடாதீர்கள். சீட்டு சாட்சி ஆகாது. அதை வைத்து யாரிடமும் போய், 'நீ ஏமாற்றினாய் என்று வந்திருக்கிறது' என்று சொல்லிவிடவும் கூடாது. ஆனால் பங்குப் பணம் நிஜமான கணக்கு. கூட்டு கலைந்த பிறகு கணக்கும் லாபப் பங்கும் கேட்டு வழக்குப் போட இந்தியச் சட்டம் கலைந்த தேதியிலிருந்து 3 ஆண்டு தருகிறது. கூட்டு ஒப்பந்தம், வங்கிக் கணக்கு விவரம், பில் புத்தகம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஒரு வக்கீலைப் பாருங்கள். எந்தத் தேதியில் கலைந்தது என்பதை அவரிடமே உறுதி செய்துகொள்ளுங்கள்.

அதன் பிறகு சீட்டு எடுக்க ஆசையாக இருந்தால் கேள்வியை மாற்றுங்கள். 'அவளுக்கு என்ன ஆகும்' என்று கேட்காதீர்கள். மூன்றே மூன்று சீட்டு போதும்: நான் இழந்தது என்ன, இந்தக் கோபம் எதைக் காக்கப் பார்க்கிறது, இந்த வாரம் என் கையில் இருப்பது என்ன. வந்ததை நோட்டில் எழுதிவிட்டுச் சீட்டுக்கட்டைப் பையில் போட்டுவிடுங்கள். பிடிக்காத சீட்டு வந்தது என்று அன்றைக்கே மறுபடி கலைக்க வேண்டாம். கோபத்தில் நான்கு தடவை கலைத்தால் நான்கு பதில் வரும், மனசு அதில் மோசமானதைத்தான் பிடித்துக்கொள்ளும்.

இரண்டாவது இடத்தில் என்ன வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.