வாரண்டி முடியாத வண்டி: ஷோரூமா, வெளிப் பட்டறையா?

கேள்வி: கார் வாங்கி ஒன்றரை வருஷம் ஆகிறது. வாரண்டி 3 வருஷம். இலவச சர்வீஸ்கள் முடிந்துவிட்டன. இனி பழக்கமான மெக்கானிக்கிடம் விடலாமென்றால், ‘வெளியே கை வைத்தால் வாரண்டி போச்சு’ என்கிறார் ஷோரூம் அட்வைசர். நிஜமாகவே போய்விடுமா?

பதில்: அவர் சொல்வதில் பாதிதான் சரி. வாரண்டி என்பது தயாரிப்பில் இருக்கும் குறைக்குக் கம்பெனி பொறுப்பேற்பது. உங்கள் பக்கத்துக் கடமை, வண்டியோடு தந்த புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டரையும் மாதத்தையும் தவறவிடாமல், அதில் சொன்ன தரத்து ஆயிலையும் பாகங்களையும் போட்டு வண்டியைப் பராமரிப்பது.

வெளியே சர்வீஸ் செய்த ஒரே காரணத்துக்காக வாரண்டி முழுவதையும் ரத்து செய்வதைப் பல நாடுகளின் சட்டம் ஏற்பதில்லை. அமெரிக்காவில் 1975-இல் வந்த மேக்னசன்-மாஸ் வாரண்டிச் சட்டப்படி, குறிப்பிட்ட கம்பெனியின் பாகத்தையோ சர்வீஸையோ இலவசமாகத் தராமல் அதையே வாரண்டிக்கு நிபந்தனையாக வைக்க முடியாது. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் கம்பெனிகள் மீது பிறப்பித்த உத்தரவும் அதே திசையில்தான் பேசியது: வெளியே செய்த தவறான வேலையால் வந்த சேதத்துக்கு மட்டும் வாரண்டியை மறுக்கலாம், மொத்தமாக ரத்து செய்யும் நிபந்தனை கூடாது. அந்த உத்தரவை எதிர்த்துக் கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போனது தனிக் கதை.

ஆகவே பார்க்க வேண்டியது, பழுதான பாகத்துக்கும் வெளியே நடந்த வேலைக்கும் தொடர்பு உண்டா என்பதை. பவர் விண்டோ மோட்டார் நின்றுபோனதற்கும் ஆயில் மாற்றியதற்கும் சம்பந்தமில்லை. எஞ்சின் ஆயிலை நம்பிச் சுழலும் டர்போவின் பேரிங் தேய்ந்துபோனால் சம்பந்தம் இருக்கிறது. முதலில் ஆயில் பில்லைத்தான் கேட்பார்கள். இன்னொன்றும் சொல்லிவிடுகிறோம். உங்கள் புத்தகத்திலேயே ‘அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் மட்டும்’ என்று அச்சடித்திருந்தால், சட்டம் உங்கள் பக்கம் நின்றாலும் வாதாடித்தான் வாங்க வேண்டியிருக்கும். அந்த அலைச்சலுக்கு நேரமும் தெம்பும் இல்லாதவர், வாரண்டி முடியும்வரை ஷோரூமிலேயே விடுவதில் தப்பில்லை.

கேள்வி: வெளியே விடுவதாக முடிவு செய்துவிட்டேன். என்னென்ன காகிதம் வைத்துக்கொள்ள வேண்டும்?

பதில்: ‘ஜெனரல் சர்வீஸ்’ என்று ஒரு வரியும் கீழே ஒரு தொகையும் எழுதிய பில் வாரண்டி விஷயத்தில் செல்லாக்காசு. பில்லில் தேதி, வண்டி எண், சேஸிஸ் நம்பர், அன்றைய ஓடோமீட்டர் கிலோமீட்டர் நான்கும் இருக்க வேண்டும். ஆயில் வரி இப்படி இருக்கட்டும்: ‘0டபிள்யூ-20, ஏபிஐ எஸ்பி, 3.6 லிட்டர்’ (கெட்டித்தன்மை, தரக் குறி, அளவு). அளவும் தரமும் உங்கள் புத்தகத்தில் உள்ளபடி. இது ஒரு மாதிரிதான். ஃபில்டருக்குப் பார்ட் நம்பர். டிரெய்ன் போல்ட்டுக்கு (ஆயிலை வடிக்கக் கழற்றும் போல்ட்) வாஷர் போட்டிருந்தால் அதுவும் தனி வரியில்.

கூடவே மூன்று போட்டோ எடுத்து வையுங்கள்: ஓடோமீட்டர், ஆயில் டப்பாவின் பின்பக்க லேபிள் (பேட்ச் நம்பர் தெரியும்படி), புது ஃபில்டரின் பெட்டி. மெக்கானிக் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. ஆயிலையும் ஃபில்டரையும் நீங்களே வாங்கிக் கொடுத்தால் கடை பில்லையும் சர்வீஸ் பில்லோடு சேர்த்துப் பின் அடியுங்கள். தெர்மல் காகிதத்தில் வரும் பில் ஒரு வருஷத்தில் வெளுத்துவிடும், அன்றே நகலெடுத்துவிடுங்கள்.

பலர் கோட்டைவிடுவது தேதியில். ‘10,000 கி.மீ. அல்லது 12 மாதம், எது முதலில் வருகிறதோ அது’ என்று புத்தகம் சொன்னால், 4,000 கி.மீ. மட்டுமே ஓடிய வண்டிக்கும் 12-ஆம் மாதம் ஆயில் மாற்றியே ஆகவேண்டும். ‘வண்டி ஓடவே இல்லையே’ என்ற சமாதானம் எடுபடாது. குறைவாக ஓடும் வண்டியில் எஞ்சின் முழுச் சூடேறாமலே அணைந்துபோவதால் ஈரமும் பெட்ரோலும் ஆயிலில் தங்கிப்போகின்றன. அந்த ஆயில் சீக்கிரம் கெடும்.

கேள்வி: ஆயில் மாற்றுவதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது? அதில் கூடவா தப்பு நடக்கும்?

பதில்: தப்பு அதிகம் நடப்பதே அங்கேதான். எளிய வேலை என்பதால் யாரும் உற்றுப் பார்ப்பதில்லை.

திருகிப் பொருத்தும் ஃபில்டரை எடுத்துக்கொள்வோம். பழைய ஃபில்டரைக் கழற்றும்போது அதன் ரப்பர் வளையம் சில சமயம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அதைக் கவனிக்காமல் புது ஃபில்டரை அதன் மேலேயே ஏற்றினால் வளையம் இரண்டாகிவிடும். பட்டறையில் ஸ்டார்ட் செய்து பார்க்கும்போது சொட்டாது. சாலையில் எஞ்சின் வேகமெடுத்து ஆயில் அழுத்தம் கூடும்போது ஒரு வளையம் பிதுங்கி, சில நிமிடத்தில் ஆயில் முழுக்கத் தரையில் கொட்டிவிடும். சிவப்பு விளக்கு எரிந்தும் ஓட்டிக்கொண்டே போனால் பேரிங் போய்விடும். இதற்கு எந்தக் கம்பெனியும் வாரண்டி தராது, தரவும் வேண்டியதில்லை. ஃபில்டர் கழன்றதும் எஞ்சின் முகப்பைத் துணியால் துடைத்து, விரலால் ஒரு சுற்று தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். புது வளையத்தில் புது ஆயிலைப் பூசி, வளையம் தொட்டதிலிருந்து முக்கால் சுற்று கையால் இறுக்கினால் பெரும்பாலான ஃபில்டர்களுக்குப் போதும். சரியான அளவு ஃபில்டரின் மேலேயே அச்சடித்திருக்கும்.

அடுத்தது டிரெய்ன் போல்ட். அலுமினிய சம்ப்பில் (எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) நீளக் கம்பி ஸ்பானரைப் போட்டு ‘இன்னும் கொஞ்சம்’ என்று இறுக்குபவரால்தான் மரை அழிகிறது. அந்தச் சர்வீஸில் ஒன்றும் தெரியாது. அடுத்த தடவை, ஒருவேளை ஷோரூமிலேயே, கழற்றும்போது மரையும் சேர்ந்து வெளியே வரும். பழி யார் மேல் என்று சண்டை. நசுங்கும் வகை வாஷராக இருந்தால் ஒவ்வொரு தடவையும் புதிது வேண்டும். டார்க் ரென்ச் (குறித்த அளவு இறுகியதும் ஒலி எழுப்பும் ஸ்பானர்) இல்லாத பட்டறையில் வாரண்டி வண்டியை விடாதீர்கள். சர்வீஸ் மேனுவலில் உள்ள நியூட்டன்-மீட்டர் அளவுக்கு ‘டக்’ என்று கேட்டதும் கையை எடுத்துவிட வேண்டும்.

மூன்றாவது ஆயிலின் ரகம். 5டபிள்யூ-30 என்பது கெட்டித்தன்மையை மட்டும்தான் சொல்லும். புகையிலுள்ள கரியைப் பிடித்து அவ்வப்போது எரித்துவிடும் புகைவடிகட்டி உள்ள டீசல் வண்டிக்குச் சாம்பல் குறைந்த ஆயில் வேண்டும், டப்பாவில் ஏ.சி.இ.ஏ. (ஐரோப்பியக் கார் கம்பெனிகள் சங்கம்) சி2, சி3 போன்ற குறி இருக்கும். சாதாரண ஆயில் எரிந்து வரும் சாம்பல் வடிகட்டியில் அடைத்துக்கொண்டால், கரியை எரிப்பதுபோல அதை எரித்து வெளியேற்ற முடியாது. இத்தகைய வண்டிகளில் டிப்ஸ்டிக்கில் (ஆயில் மட்டம் பார்க்கும் கம்பி) அளவு மேல்கோட்டைத் தாண்டி ஏறினால் அதையும் அலட்சியம் செய்யாதீர்கள்: கரி எரிக்கும் சுழற்சி பாதியில் நின்றுபோய் டீசல் ஆயிலில் கலக்கிறது என்று பொருள்.

கேள்வி: புது பைக். வெளியே ஆயில் மாற்றிய பிறகு கியர் போட்டால் எஞ்சின் மட்டும் சீறுகிறது, வேகம் ஏறவில்லை. கிளட்ச் பிளேட்டுக்கு வாரண்டி கேட்டால் தரமாட்டோம் என்கிறார்கள்.

பதில்: போட்ட டப்பாவைத் தேடிப் பாருங்கள். பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் எஞ்சின் ஆயிலிலேயே ஊறிக்கிடக்கிறது. எரிபொருள் மிச்சப்படுத்தும் கார் ஆயிலில் உராய்வைக் குறைக்கும் சரக்கு சேர்த்திருப்பார்கள். பிளேட்டுகள் ஒன்றையொன்று பிடிக்காமல் வழுக்க அதுவே போதும். பைக்குக்கு ஜாஸோ (ஜப்பானியத் தர அமைப்பு) எம்ஏ அல்லது எம்ஏ2 குறி வேண்டும்; எம்பி குறி, ஆயிலில் ஊறாத கிளட்ச் உள்ள ஸ்கூட்டர்களுக்கானது. உடனே வடித்துவிட்டுச் சரியான ஆயிலை ஊற்றிச் சில நூறு கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். பிளேட் கருகாமல் இருந்தால் பிடிப்பு திரும்ப வாய்ப்புண்டு. கிளட்ச் பிளேட் எப்படியும் தேய்மானப் பாகம். ஷோரூமிலேயே சர்வீஸ் செய்திருந்தாலும் வாரண்டிப் பட்டியலில் அநேகமாக இருந்திருக்காது.

கேள்வி: கூடுதல் காசு கட்டி எக்ஸ்டெண்டட் வாரண்டி எடுத்திருக்கிறேன். அதற்கும் இதே விதிதானா?

பதில்: அல்ல. அது தனி ஒப்பந்தம், சில சமயம் காப்பீட்டு நிறுவனத்தோடு. எங்கே சர்வீஸ் செய்ய வேண்டும், எத்தனை நாள் சலுகை, எவை விலக்கு என்று அதிலேயே எழுதியிருக்கும். முன்புறம் இருக்கும் விளம்பரத்தை விட்டுவிட்டுப் பின்பக்கப் பொடி எழுத்தைப் படியுங்கள். ‘அங்கீகரித்த இடத்தில் மட்டும்’ என்றிருந்தால் அதன்படி நடப்பதே லாபம்.

கேள்வி: எந்த வேலைகளுக்கு ஷோரூமை விட்டால் வழியில்லை?

பதில்: ரீகால் (தயாரிப்புக் குறையைச் சரிசெய்யக் கம்பெனியே வண்டிகளைத் திரும்ப அழைப்பது), சாஃப்ட்வேர் அப்டேட், ஏர்பேக், இம்மொபிலைசர் சாவி (திருட்டைத் தடுக்கும் சிப் வைத்த சாவி). ரீகால் வேலை இலவசம், முன்பு எங்கே சர்வீஸ் செய்தீர்கள் என்பது அதற்குக் குறுக்கே நிற்காது. கம்பெனி இணையதளத்தில் சேஸிஸ் நம்பரைப் போட்டால் பாக்கி இருப்பது தெரியும். ஹைப்ரிட், மின்சார வண்டிகளில் ஆரஞ்சு நிறக் கேபிள் தெரியும் எந்த இடத்தையும் பயிற்சி இல்லாதவர் தொடக் கூடாது. உயிர் விஷயம் அது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலையும் வாரண்டி காலத்தில் ஷோரூமிலேயே மாற்றுங்கள். சி.வி.டி. என்ற பெல்ட் வகை ஆட்டோமேட்டிக்குத் தவறான ஆயில் போனால் பெல்ட்டும் புல்லியும் சேர்ந்து அழியும்.

இதைவிட முக்கியம்: குறை இருப்பதாகச் சந்தேகம் வந்தால், வாரண்டியில் வரக்கூடிய பாகத்தை வெளியே பிரிக்கவே விடாதீர்கள். மெக்கானிக் கேட்டுச் சொல்லலாம், பார்த்துச் சொல்லலாம். போல்ட்டில் ஸ்பானர் தடம் விழுந்துவிட்டால் பேச்சு முடிந்தது. ஹாரனுக்கும் விளக்குக்கும் ஒயரைச் சுரண்டி ஒட்டுப்போடுவதும் அதே ரகம். அந்த ஒயரிங்கில் பின்னால் எது கெட்டாலும் விரல் அங்கேதான் நீளும்.

கேள்வி: ஷோரூமில் ஒவ்வொரு தடவையும் எஞ்சின் ஃப்ளஷ், இன்ஜெக்டர் கிளீனிங், ஏசி கிருமிநீக்கம் என்று பட்டியல் நீள்கிறது. மறுத்தால் வாரண்டி பாதிக்குமா?

பதில்: பாதிக்காது. புத்தகத்தின் பராமரிப்பு அட்டவணையில் இருப்பது கட்டாயம். அதில் இல்லாதது அவர்கள் வியாபாரம். அட்டவணைப் பக்கத்தை போட்டோ எடுத்து கையில் வைத்துக்கொண்டு, ஜாப் கார்டில் கையெழுத்துப் போடும் முன் வரிவரியாக ஒப்பிட்டு அடித்துவிடச் சொல்லுங்கள். ஆனால் அட்டவணையில் இருக்கும் பிரேக் ஆயிலை ‘இன்னும் நிறைய இருக்கிறதே’ என்று தள்ளாதீர்கள். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ரகத்துக்குப் புதிதில் குறைந்தது 230 டிகிரி இருக்க வேண்டிய கொதிநிலை, ஈரம் ஏறிய நிலைக்கான சோதனையில் 155 டிகிரி இருந்தாலே தேர்ச்சி. இறக்கத்தில் பிரேக் சூடேறும்போது ஆயில் கொதித்துக் குமிழி கிளம்பினால் பெடல் தரைவரை போகும்.

கேள்வி: வெளியே சர்வீஸ் செய்ததைக் காட்டி எஞ்சின் வாரண்டியை மறுத்துவிட்டார்கள். இனி என்ன செய்வது?

பதில்: வாய்ச்சொல்லை ஏற்காதீர்கள். எந்தப் பாகம் பழுது, எதனால், வெளியே நடந்த எந்த வேலை அதற்குக் காரணம் என்று எழுத்தில் கேளுங்கள். ஸ்கேனர் காட்டிய பழுதுக் குறியீட்டின் அச்சுப்பிரதி, பிரித்த பாகங்களின் போட்டோ இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். கழற்றிய பாகத்தைத் தூக்கிப் போட வேண்டாம் என்றும் எழுத்திலேயே சொல்லிவிடுங்கள். ஆயிலை வடிக்கும்போது நீங்கள் பக்கத்தில் நின்று, சுத்தமான புட்டியில் 100 மில்லியளவு பிடித்து, இரு தரப்பும் கையெழுத்திட்ட லேபிளை ஒட்டி வாங்கிக்கொள்ளுங்கள். பரிசோதனைக்கூடத்தில் அதன் கெட்டித்தன்மையையும் கலந்திருக்கும் உலோகத் துகளையும் அளந்து சொல்வார்கள். இவற்றையும் உங்கள் பில்களையும் வைத்து, ஷோரூமைத் தாண்டிக் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கு எழுதுங்கள். அங்கேயும் நடக்காவிட்டால் நுகர்வோர் குறைதீர் ஆணையம். முடிவு வரும்வரை வெளியே எஞ்சினைப் பிரித்து வேலை பார்த்துவிடாதீர்கள்.