தீர்ப்பாயம் நம்பவில்லை, நீதிமன்றம் நம்புமா?

கேள்வி: முல்லைத்தீவிலிருந்து விமானத்தில் வந்து மெல்பேர்னில் இருக்கிறேன். என் பாதுகாப்பு வீசாவை உள்துறைத் திணைக்களம் நிராகரித்தது. நிர்வாக மறுஆய்வுத் தீர்ப்பாயமும் (ஏஆர்டி) மார்ச் 4ஆம் திகதி அதையே உறுதிசெய்தது. முடிவு முகவர் மூலம் 13ஆம் திகதிதான் என் கைக்கு வந்தது. இயக்கத்துக்குச் சாப்பாடு கொடுத்தது நானா அண்ணாவா என்பதில் மாற்றி மாற்றிச் சொன்னேனாம். நான் 'குடுத்தனான்' என்றுதான் சொன்னேன். உரைபெயர்ப்பாளர் தமிழ்நாட்டுக்காரர். போன மாதம் சிஐடி வீட்டுக்கு வந்ததாகக் கிராம சேவகர் கடிதம் தந்திருக்கிறார். அதைக் காட்டி நீதிமன்றத்தில் வீசா வாங்கலாமா ஐயா?

பதில்: முதலில் நாட்காட்டியைப் பாருங்கள். மனுப் போட 35 நாள் அவகாசம். அது முடிவு எழுதப்பட்ட திகதியிலிருந்து ஓடுகிறது, உங்கள் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து அல்ல. ஆகவே உங்கள் கடைசி நாள் ஏப்ரல் 8, 17 அல்ல. தவறினால் கால நீடிப்புக் கேட்கலாம்தான். ஆனால் தாமதத்துக்கான காரணத்தோடு, வழக்கில் சரக்கு இருக்கிறது என்பதையும் காட்ட வேண்டியிருக்கும். அந்தத் தலையிடி எதற்கு?

மனுப் போடும் இடம் பெடரல் சேர்க்கியுட் மற்றும் குடும்ப நீதிமன்றத்தின் இரண்டாம் பிரிவு. அங்குள்ள நீதிபதி உங்களுக்கு வீசா தர மாட்டார், தரவும் முடியாது. நீங்கள் சொல்வது உண்மையா என்பதும் அவர் முன்னுள்ள கேள்வி அல்ல. தீர்ப்பாயம் சட்டப்படி நடந்ததா என்பதை மட்டும்தான் அவர் பார்ப்பார். 'முடிவெடுத்த தீர்ப்பாய உறுப்பினர் என்னை நம்பவில்லை' என்று மட்டும் எழுதினால் மனு நிற்காது. கிராம சேவகரின் கடிதமும் தீர்ப்பாயத்தின் முன் இருந்திராத புதுச் சாட்சி என்பதால் இப்போதைக்கு உதவாது. பத்திரமாக வையுங்கள். நீங்கள் வென்றால் வழக்கு தீர்ப்பாயத்துக்கே திரும்பிப் போகும், அன்று அதைக் கையளிக்கலாம்.

அப்படியானால் எதைப் பிடித்துப் போவது? உங்கள் கடிதத்தின் அந்த ஒற்றைச் சொல்லைத்தான். 'குடுத்தனான்' என்றால் நமக்கு 'நான் கொடுத்தேன்'. தமிழ்நாட்டுக் காதுக்கு அது 'குடுத்தான்' என்று விழுந்திருந்தால், ஆங்கிலத்தில் 'அவன் கொடுத்தான்' என்று போயிருக்கும். உறுப்பினர் அதை முரண்பாடாகப் பிடித்து, அதன்மேல் மற்றதையெல்லாம் தள்ளியிருந்தால், உங்களுக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று வாதிட இடமுண்டு. சும்மா சொன்னால் எடுபடாது. விசாரணையின் ஒலிப்பதிவைத் தீர்ப்பாயத்திடம் கேட்டு வாங்குங்கள். மொழிபெயர்ப்பாளர்களுக்கான நாட்டி (NAATI) சான்றிதழ் உள்ள, ஈழத்துப் பேச்சு புரிந்த ஒருவரைக் கொண்டு அந்த இடத்தை மொழிபெயர்த்துச் சத்தியக்கடதாசியாக இணைக்க வேண்டும். பிழை சின்னதாக இருக்கலாம், ஆனால் அது இல்லாவிட்டால் முடிவு வேறாக வந்திருக்கக்கூடும் என்று காட்ட வேண்டும். அது அவ்வளவு உயரமான படியல்ல என்று உயர் நீதிமன்றம் 2024இல் எல்பிடிடி (LPDT) என்ற வழக்கில் சொல்லிவிட்டது. முரண்பாடு வேறு நான்கு இடங்களிலும் இருந்தால் எனக்கு இவ்வளவு நம்பிக்கை வராது. முடிவை முழுவதும் வாசிக்காமல் அதற்குமேல் சொல்ல மாட்டேன்.

ஒலிப்பதிவு வரும்வரை காத்திருக்க வேண்டாம். தீர்ப்பாய முடிவின் பிரதியோடு மனுவை இப்போதே போடுங்கள், காரணங்களைப் பிறகு திருத்திக்கொள்ளலாம். முகவர் நீதிமன்றத்தில் உங்களுக்காகப் பேச முடியாது, சட்டத்தரணிதான் வேண்டும். விக்டோரியா லீகல் எய்டிடம் இந்த வாரமே கேட்டுப் பாருங்கள். தோற்றால் அமைச்சர் தரப்பின் செலவும் உங்கள் தலையில் விழும், அது பல ஆயிரம் டொலர். பெயர் ஊருக்குத் தெரிந்துவிடும் என்ற பயம் வேண்டாம். பாதுகாப்பு வீசா வழக்குகளில் நீதிமன்றம் பெயரை வெளியிடாது, எழுத்தும் எண்ணும் கொண்ட ஒரு குறியீடுதான் இருக்கும்.

அப்புறம் பிரிட்ஜிங் வீசா, அதாவது முடிவு வரும்வரை இங்கே தங்கவிடும் தற்காலிக வீசா. வழக்குப் போட்டதால் அது தானாக நீளும் என்று பலர் நினைத்து மாட்டிக்கொள்கிறார்கள். நீதிமன்ற முத்திரை விழுந்த மனுவின் பிரதியைக் காட்டி, பழையது முடியுமுன் புதிதாக விண்ணப்பியுங்கள். வேலை செய்ய அனுமதி இருக்கிறதா என்று அதன் நிபந்தனைகளையும் ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.