அடுக்குப் பெருக்கல்: கேள்வி பதில்

(தெரியாத எண்களை ப, ம என்று குறித்திருக்கிறேன்.)

எட்டாம் வகுப்பு மாணவி, தங்கச்சிமடம்: ப³ × ப⁴ என்பதில் பெருக்கல் குறிதானே இருக்கிறது? பிறகு ஏன் 3-ஐயும் 4-ஐயும் கூட்ட வேண்டும், ஐயா?

பதில்: விதியை ஒதுக்கிவைத்து, விரித்து எழுதிப் பாரம்மா. ப³ என்பது ப × ப × ப. ப⁴ என்பது ப × ப × ப × ப. இரண்டு வரிசைகளையும் பெருக்கற்குறியால் இணைத்து ஒரே வரிசையாக்கி எண்ணினால் ஏழு ப இருப்பதால், விடை ப⁷. அடுக்கு என்பது எத்தனை முறை என்ற எண்ணிக்கையே. 1637இல் வெளிவந்த வடிவியல் நூலில் அடுக்கை எழுத்தின் மேலே சிறிதாக எழுதிய பிரெஞ்சுக் கணிதவியலாளர் டெக்கார்ட்கூட, வர்க்கத்தைப் பல இடங்களில் எழுத்தை இருமுறை எழுதியே காட்டினார். ஆனால் அடிமானம், அதாவது அடுக்கைத் தாங்கி நிற்கும் எண் (இங்கே ப), ஒன்றாக இருந்தால் மட்டுமே அடுக்குகளைக் கூட்டலாம்.

மாணவனின் தந்தை, வாலிநோக்கம்: 2ப² × 3ப³ = 5ப⁵ என்று எழுதிய என் மகனுக்கு மதிப்பெண் இல்லை. அடுக்கைச் சரியாகத்தானே கூட்டியிருக்கிறான்?

பதில்: அடுக்கு சரி, எழுத்துக்கு முன்னால் நிற்கும் எண்களான கெழுக்களை (2, 3) பெருக்கியிருக்க வேண்டும், விடை 6ப⁵. உங்கள் ஊர் உப்பளத்துக்கே அவனை அழைத்துச் செல்லுங்கள். நீளம் 3ப, அகலம் 2ப உள்ள காய்ந்த பாத்தியில், ப நீளக் குச்சியால் அளந்து குறுக்கும் நெடுக்குமாகக் கோடு கிழித்தால், வரிசைக்கு மூன்றாக இரண்டு வரிசைகளில் ஆறு சதுரங்கள் தெரியும். 3ப × 2ப = 6ப² என்பதைக் கண்ணால் எண்ணியவனுக்கு ஐந்து என்று எழுதக் கை வராது.

கீழக்கரை வாசகர்: ப³ × ம⁴ = பம⁷ சரியா?

பதில்: தவறு. ப³ம⁴ என்பதோடு நிறுத்துங்கள். அடிமானத்தைப் பாருங்கள்.

தொண்டி வாசகர்: ப⁰ = 1 என்கிறார்கள். ஒருமுறைகூடப் பெருக்காவிட்டால் 0 தானே?

பதில்: ப³ × ப⁰ என்பதில் அடுக்குகளைக் கூட்டினால் ப³ வருகிறது. ப பூச்சியமாக இல்லாதபோது, ப³-ஐ மாற்றாமல் விடும் பெருக்கெண் 1 மட்டுமே.

தொண்டி வாசகர் மீண்டும்: 5⁰, 7⁰ இரண்டும் 1 என்றால் 5-உம் 7-உம் சமமாகிவிடுமே?

பதில்: நன்றாக மறுத்தீர்கள். ஆனால் விடைகள் சமமானால் அடிமானங்களும் சமம் என்ற உங்கள் எடுகோளே பிழை. 2-இன் வர்க்கமும் −2-இன் வர்க்கமும் 4 அல்லவா? 125, 25, 5 என்று ஒவ்வொரு படியிலும் ஐந்தால் வகுத்தும், 343, 49, 7 என்று ஏழால் வகுத்தும் இறங்கிப் பாருங்கள். இரண்டு வரிசைகளிலும் அடுத்து வருவது 1. அடுக்கு பூச்சியமாகும் இடத்தில் அவை சந்திக்கின்றன, அவ்வளவே.

மண்டபம் வாசகர்: ப³ + ப⁴ = ப⁷ தானே?

பதில்: இல்லை. அந்த விதி பெருக்கலுக்கு உரியது. ப = 2 என்று வைத்தால் இடப்பக்கம் 24, வலப்பக்கம் 128.

ஏர்வாடி மாணவர்: முக்கோணவியலுக்கு எளிய வழி உண்டா?

பதில்: இன்றைய பொருள் அதுவன்று, உங்கள் வகுப்பாசிரியரிடம் கேளுங்கள்.

சாயல்குடி வாசகர்: ம² × ப⁵-ஐச் சுருக்கலாமா?

பதில்: கீழக்கரை வாசகருக்குச் சொன்னதைப் படியுங்கள். அடிமானம்!

பாம்பன் மாணவர்: (2ப)³ × ப² = 2ப⁵ என்று எழுதினேன். எங்கே பிழை?

பதில்: அடைப்புக்குள் 2-உம் இருக்கிறது, தம்பி. 2ப × 2ப × 2ப என்று விரித்தால் 8ப³. அதை ப²-ஆல் பெருக்க 8ப⁵.