“அவள் வேண்டாம் என்று சொல்லவே இல்லையே” என்கிறான் மகன்

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. உடன் படிக்கும் மாணவி ஒருத்திக்கு விடாமல் செய்தி அனுப்பி வந்திருக்கிறான் என்று பள்ளியிலிருந்து அழைத்துச் சொன்னார்கள். விசாரித்தால், “அவள் வேண்டாம் என்று சொல்லவே இல்லையே, அப்புறம் பேசலாம் என்றுதானே சொன்னாள்” என்கிறான். “இந்த வயதில் பையன்கள் அப்படித்தான்” என்கிறார் என் கணவர். சம்மதம், பெண்களைச் சமமாக நடத்துவது ஆகியவற்றைப் பற்றி இவனிடம் எப்படிப் பேச்சை எடுப்பது?

பதில்: பேச்சை எங்கே தொடங்குவது என்பதை உங்கள் மகனே காட்டிவிட்டான். மறுப்பு என்றால் ‘வேண்டாம்’ என்ற சொல் காதில் விழுந்தாக வேண்டும் என்று அவன் நினைக்கிறான், அல்லது நினைப்பதாகக் காட்டிக்கொள்கிறான். அன்றாட வாழ்வில் நாம் யாரும் அப்படி முகத்துக்கு நேராக மறுப்பதில்லை. பிரிட்டன் ஆய்வாளர்களான செலியா கிட்சிங்கர், ஹன்னா ஃபிரித் இருவரும் 1999இல் வெளியிட்ட கட்டுரை இதைத்தான் விளக்குகிறது: தயங்குவது, சற்று மௌனமாக இருப்பது, ஒரு காரணம் சொல்வது, நல்ல வார்த்தை சொல்லித் தட்டிக்கழிப்பது என்பவையே மறுப்பின் வழக்கமான வடிவங்கள், கேட்பவரும் அவற்றை மறுப்பாகவே எடுத்துக்கொள்கிறார். இளைஞர்களை வைத்து 2006இல் வெளிவந்த இன்னோர் ஆய்வும், சுற்றிவளைத்துச் சொல்லப்படும் மறுப்பு ஆண்களுக்கும் நன்றாகவே விளங்குகிறது என்றது. ஆகவே, ‘எனக்குப் புரியவில்லை’ என்ற சமாதானத்தை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. அதற்காக அவனைப் பொய்யன் என்று குற்றம் சாட்டவும் வேண்டியதில்லை.

அவனுடைய சொந்த அனுபவத்திலிருந்து கேளுங்கள். விளையாடக் கூப்பிட்ட நண்பன், “பார்க்கிறேன்டா, வீட்டில் வேலை இருக்கும் போல” என்று சொன்னால் அவன் வருவானா, மாட்டானா? உங்கள் மகன் உடனே விடை சொல்லிவிடுவான். அதன் பிறகு, கைபேசியை நீங்கள் பிடுங்கிப் பார்க்காமல், அந்தச் செய்திகளை அவனையே ஒரு முறை மேலிருந்து கீழாகப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். முதலில் முழு வாக்கியமாக வந்த பதில் எந்த இடத்தில் ‘ம்’ என்று சுருங்கியது, எந்த இடத்தில் அவன் மட்டுமே தொடர்ந்து நான்கைந்து செய்திகள் அனுப்பியிருக்கிறான் என்பதை அவன் கண்ணே அவனுக்குக் காட்டிவிடும். எவ்வளவு நேரம் விளக்கினாலும் நம் வாய்ச்சொல் அந்த வேலையைச் செய்யாது.

சம்மதத்தின் இலக்கணத்தை இதன் பிறகு சொல்லலாம். அச்சமோ வற்புறுத்தலோ இல்லாமல், எதற்கு ஒப்புக்கொள்கிறோம் என்று தெரிந்து, அந்த ஒன்றுக்கு மட்டும் தருவதே சம்மதம்; தந்தவர் அதை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். பேசச் சம்மதித்தவர் தொடுவதற்குச் சம்மதித்தவர் ஆகமாட்டார். தன் புகைப்படத்தை ஒருவருக்கு அனுப்பியவர், அதை அவர் வேறொருவருக்குக் காட்டலாம் என்று சொன்னவரும் ஆகமாட்டார். மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ளக் கூடாது என்பதற்கு உடலியல் காரணமும் உண்டு: கடும் அச்சத்தில் சிலருக்கு உடல் அசையாமலும் குரல் எழும்பாமலும் உறைந்துபோகும். குறிப்பிட்ட வயதுக்குக் கீழே இருப்பவர் ‘சரி’ என்று சொன்னாலும் சட்டம் அதைச் சம்மதமாக ஏற்காது என்பதையும், உங்கள் நாட்டில் அந்த வயது என்ன என்பதையும் அவனுக்குத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

ஆனால் இவை எல்லாம் தகவல்கள். என் பார்வையில் இந்த வயதுப் பையன்களிடம் உள்ள பெரிய குறை, மறுக்கப்பட்ட பிறகு வரும் வெட்கத்தையும் கோபத்தையும் என்ன செய்வது என்று தெரியாததுதான். ஆண் என்றால் விடாமல் முயல வேண்டும், தோற்கக் கூடாது என்ற எண்ணம் சிறு வயதிலேயே ஊட்டப்படுவதால், அவனுக்கு ஒரு பெண்ணின் மறுப்பு அவளுடைய விருப்பமாகத் தெரியாமல் தன் தோல்வியாகத் தெரிகிறது. பாலினச் சமத்துவம் பற்றிய பேச்சு இந்த இடத்தில்தான் சம்மதத்தோடு வந்து சேர்கிறது. சாப்பிட்ட தட்டை யார் கழுவுகிறார்கள், அம்மா ‘முடியாது’ என்றால் அது முடிவாகிறதா அல்லது மூன்று முறை நச்சரித்தால் மாறிவிடுகிறதா, மூடிய கதவைத் தட்டாமல் அவன் திறக்கிறானா, அவன் அறைக்கதவை நீங்கள் தட்டுகிறீர்களா என்பவற்றைக் கவனியுங்கள். தன் மறுப்புக்கு வீட்டில் மதிப்பில்லாத பையனுக்குப் பிறர் மறுப்பை மதிக்கக் கற்றுக்கொடுப்பது கடினம். அவனைத் தொடவோ சீண்டவோ பிறருக்கும் உரிமை இல்லை என்பதையும், ஆண் பிள்ளைகளும் இத்தகைய துன்பத்துக்கு ஆளாவது உண்டு என்பதையும் அவன் உங்களிடமிருந்தே கேட்க வேண்டும்.

“உன் தங்கைக்கு யாராவது இப்படிச் செய்தால்?” என்ற கேள்வியைப் பெற்றோர் பலர் நல்ல நோக்கத்தோடுதான் கேட்கிறார்கள். நான் அதைத் தவிர்க்கச் சொல்வேன். அந்தப் பெண் யாருக்கும் தங்கையாக இல்லாவிட்டாலும் அவளுடைய விருப்பத்துக்கு அதே மதிப்புதான்.

உங்கள் கணவர் சொன்ன வாக்கியத்தை மகன் அனுமதியாகவே எடுத்துக்கொள்வான். எனவே அதைத் திருத்த வேண்டியவரும் அவர்தான். கலிஃபோர்னியாவின் உயர்நிலைப் பள்ளிகளில் விளையாட்டுப் பயிற்சியாளர்கள், தங்கள் அணிப் பையன்களிடம் பெண்களை மதிப்பது பற்றி வாரந்தோறும் சில நிமிடம் பேசிய திட்டம் ஒன்றின் முடிவுகள் 2012இல் வெளியாயின. அந்தப் பையன்கள், நண்பர்கள் தவறாக நடக்கும்போது தலையிட்டதாகச் சொன்னது மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது. அவர்கள் மதிக்கும் ஓர் ஆண் சொன்னது பலித்திருக்கிறது. எதிரே உட்காரவைத்து விசாரணை போல நடத்தாமல், சேர்ந்து நடக்கும்போதோ வேலை செய்யும்போதோ உங்கள் கணவர் இரண்டு வாக்கியம் பேசினால் போதும். விட்ட இடத்திலிருந்து அடுத்த வாரம் தொடரலாம்.

அந்த மாணவியைப் பொறுத்தவரை, இன்றோடு எல்லாச் செய்திகளும் நிற்க வேண்டும். மன்னிப்புக் கேட்டு ஒரு செய்தி அனுப்புகிறேன் என்று அவன் சொன்னாலும் அனுமதிக்காதீர்கள், ஏனெனில் அவளுக்கு அதுவும் வேண்டாத இன்னொரு செய்தியாகவே போய்ச் சேரும். அவள் விரும்பினால் மட்டும் பள்ளி வழியாக மன்னிப்பைத் தெரிவிக்கலாம். அவளைப் பற்றி நண்பர்களிடம் இழிவாகப் பேசுவதும் கூடாது என்று சொல்லிவையுங்கள். அதன் பிறகும் வேறு கணக்கிலிருந்தோ நண்பர்கள் மூலமாகவோ தொடர்புகொள்ள முயன்றால், அல்லது அவன் பேச்சில் மிரட்டல் தென்பட்டால், தாமதிக்காமல் பதின்பருவத்தினருக்கான உளவியல் ஆலோசகரிடம் அவனை அழைத்துச் செல்லுங்கள், பள்ளிக்கும் தெரியப்படுத்துங்கள்.