சம்பூரைத் தாண்டி ஐரோப்பாவுக்கு

அன்பின் ஐயா,
சட்டப் படிப்பை முடித்துவிட்டேன். நாடுகளுக்கிடையிலான மின்சாரச் சந்தைச் சட்டத்தில் முதுமாணி செய்ய ஐரோப்பா போக விருப்பம். திருகோணமலையில் இருந்துகொண்டு இதில் கற்க ஒன்றுமில்லை. வேலை கிடைக்குமா?
– வாசகி, உப்புவெளி

அன்புள்ள தங்கச்சி,

வேலை கிடைக்கும். போங்கள். நோர்வேயும் சுவீடனும் 1996இலேயே ஒரே சந்தையில் மின்சாரம் விற்கத் தொடங்கிவிட்டன, நன்றாகவே சொல்லிக்கொடுப்பார்கள்.

ஆனால் "ஒன்றுமில்லை" என்று எழுதினீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. குடாவுக்கு அந்தப் பக்கம் சம்பூர். இந்தியாவோடு சேர்ந்து அங்கே 500 மெகாவாட் நிலக்கரி மின் நிலையம் கட்டுவதாக இருந்தார்கள். 2016இல் அரசாங்கமே உயர் நீதிமன்றத்தில் அதைக் கைவிட்டது. 2025 ஏப்ரல் 5இல் அதே சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின் நிலையத்துக்குத் தொடக்க விழா. இரு நாட்டு மின்வலைகளை இணைக்கும் புரிந்துணர்வு உடன்படிக்கையும் அன்றைக்கே. உங்கள் பாடம் பேருந்தில் போகிற தூரத்தில் நடக்கிறது!

2006இல் இடம்பெயர்ந்த சம்பூர் ஐயா ஒருவரைக் கிளிவெட்டி முகாமில் பார்த்தேன். காணிப் பெர்மிட்டை சொப்பிங் பையில் சுற்றி, கூரைத் தகரத்துக்கும் தடிக்கும் இடையில் செருகி வைத்திருந்தார். யார் போனாலும் எடுத்துக் காட்டுவார். இந்த ஒப்பந்தங்கள் எதிலும் அவர் ஒரு தரப்பு அல்ல.

சரி, தரப்பாக இருந்தவர்களுக்கு மட்டும் என்ன கிடைத்தது? ஜார்கண்டில் உள்ள அதானியின் கோடா நிலையத்தைப் பாருங்கள். 1600 மெகாவாட், முழுவதும் பங்களாதேஷுக்கென்றே கட்டியது. 2024 ஆகஸ்ட்டில் பங்களாதேஷ் பிரதமர் ஹசீனா நாட்டைவிட்டுப் போய் ஒரு வாரம்தான், எல்லை தாண்டி மின்சாரம் வாங்கி விற்பதற்கான தன் 2018ஆம் ஆண்டு வழிகாட்டு விதிகளை இந்தியா திருத்தியது: வாங்குபவர் பணம் தரத் தாமதித்தால் அப்படிப்பட்ட நிலையம் உள்நாட்டிலேயே விற்கலாம். ஒப்பந்தத்தில் ஒரு எழுத்தும் மாறவில்லை. ஆனால் ஒரே வாடிக்கையாளரை நம்பியிருந்த விற்பவருக்கு இன்னொரு கதவு திறந்தது. டாக்காவின் பேரம் பேசும் பலம் போயிற்று. டாக்காவிடம் யாரும் கேட்கவில்லை, கேட்க வேண்டிய கட்டாயமும் இல்லை. விதி இந்தியாவின் விதி. உங்கள் பேராசிரியர்கள் விலைச் சூத்திரத்தைக் கரைத்துப் புகட்டுவார்கள். விதியைத் திருத்தும் பேனா யார் கையில் என்று நீங்கள்தான் கேட்க வேண்டும்.

முதலில் அந்த 2018 விதிகளையும் நமது 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க மின்சாரச் சட்டத்தையும் வாசியுங்கள். கடலுக்கடியில் கேபிள் வந்த பிறகு நமக்கும் இப்படி நடந்தால் எந்த மன்றத்துக்குப் போவது என்று எனக்கு எழுதுங்கள். விசா விண்ணப்பத்தை அதற்குப் பிறகு நிரப்பலாம்.