ஏற்றம் இல்லாத ஊரில் ஏற்றம் பழகுவது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

ரூர் டி பிரான்ஸ் சைக்கிளோட்டப் போட்டியில் வரும் அல்ப் துவெஸ் மலைப்பாதையின் சராசரிச் சாய்வு 8.1 சதவீதம்தானாம். 100 மீற்றருக்கு 8 மீற்றர். இதற்கா இவ்வளவு பேச்சு?
– வாசகர், களுவாஞ்சிக்குடி

நம் மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்து ஏற்றம் மூச்சு வாங்க முன்னரே முடிந்துவிடும். அல்ப் துவெஸில் 13.8 கிலோமீற்றருக்கு ஏற்றம் முடியாது. 70 கிலோ ஆள், 8 கிலோ சைக்கிள், வேகம் மணிக்கு 10 கிலோமீற்றர் என்று வையுங்கள். ஏறத்தாழ 190 வாற்று வலு வேண்டும். அதே வலுவுக்குக் காற்றில்லாத சமதரையில் மணிக்கு முப்பது கிலோமீற்றருக்கு மேல் ஓடலாம். சமதரையில் கால் ஓய்ந்தாலும் வண்டி ஓடும். ஏற்றத்தில் மூன்று நான்கு செக்கனில் நின்றுவிடும்.

21 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் இலக்கம் மேலிருந்து கீழாக: அடிவாரத்தில் 21, உச்சியில் 1. முதல் இரண்டு கிலோமீற்றர்தான் பொல்லாதது, சாய்வு 10 சதவீதத்தைத் தாண்டும். புதுக்காலோடு அங்கே பாய்ந்து ஏறுகிறவர் பாதி வழியில் தலை தொங்கி நிற்பார். வளைவின் உள்விளிம்பு செங்குத்து, வெளிப்பக்கம் தணிவு. எதிரே வாகனம் இல்லையென்றால் வெளிப்பக்கமாகச் சுற்றுங்கள்.

என் சைக்கிளில் முன்னே சின்னப் பற்சில்லு 39 பல், பின்னே பெரியது 25 பல். மலைக்குப் போதுமா?
– வாசகர், அக்கரைப்பற்று

போதாது. 10 கிலோமீற்றர் வேகத்தில் நிமிடத்துக்கு 51 சுற்றுத்தான் மிதிப்பீர்கள். சாய்வு கூடி வேகம் 8 ஆனால் 41. அந்த மிதியில் முதலில் நோவது முழங்கால்.

முன்னே 34 போடலாம் என்று கடையில் வாங்கிவிடாதீர்கள். 39 பூட்டும் கிறாங்கில் (மிதிகட்டை பூட்டிய கையில்) பற்சில்லைப் பூட்டும் ஆணித்துளைகளின் வட்டம் பெரும்பாலும் 130 மில்லிமீற்றர். 34க்கு 110 வேண்டும். கிறாங்கையே மாற்ற நேரும். செலவு குறைந்த வழி பின்னே 11 முதல் 32 பல் வரையுள்ள பற்சில்லுத் தொகுதி. அப்போது 10 கிலோமீற்றரில் 65 சுற்று வரும், அது மிதிக்கக்கூடியது. ஆனால் குட்டைக் கை டெரெயிலர் (பின்னே செயினைப் பல்லுக்குப் பல் மாற்றும் கருவி) 32 பல்லைத் தாங்காது. நீளக் கையுள்ளது வேண்டும். செயினும் புதிதாக: டெரெயிலருக்குள் விடாமல் முன்னும் பின்னும் பெரிய பற்சில்லுகளில் சுற்றிப் பார்த்து, அதற்குமேல் இரண்டு கண்ணி கூட்டி வெட்டுங்கள். குட்டையாக வெட்டிவிட்டு இரண்டு பெரிதையும் சேர்த்துப் போட்டால் டெரெயிலர் பிய்ந்து சில்லுக்குள் போய்விடும். ஏற்றத்தில் அழுத்தி மிதித்துக்கொண்டே கியர் மாற்றுவதும் செயின் அறுக்கும் வேலை. மாற்றும் அரைச் சுற்றுக்குக் காலைத் தளர்த்துங்கள்.

மட்டக்களப்பில் மலைக்கு எங்கே போவது?
– வாசகி, ஆரையம்பதி

மலைக்குப் பதில் கச்சான் காற்று (தென்மேற்கிலிருந்து வீசுவது) இருக்கிறதே! அதற்கு முகம் கொடுத்து, உட்கார்ந்தபடி, நிமிடத்துக்கு 55–60 சுற்று வரும் கனமான கியரில் 10 நிமிடம் மூன்று தடவை. இடையில் 5 நிமிடம் இலேசாக. விடியற்காலையில் போங்கள், வெயிலேறினால் அந்தக் காற்றே சுடும். உண்மையான ஏற்றத்துக்குப் பதியத்தலாவை, மகியங்கனை தாண்டி ஹசலக்கப் பக்கமிருந்து 18 வளைவுப் பாதை.

இறங்கும்போது பிறேக்கைப் பிடித்தபடியே வரவேண்டாம். ரிம் சூடேறி ரியூப் வெடிக்கும். வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து, விட்டு, ஆறவிடுங்கள்.

பெண்களுக்கு அல்ப் துவெஸ் போட்டி உண்டா?
– வாசகி, திருக்கோவில்

உண்டு. 2024இல் பெண்கள் ரூர் டி பிரான்ஸின் கடைசிக் கட்டம் அங்கேதான் முடிந்தது. உச்சியில் முதலாவது நெதர்லாந்தின் டெமி வொல்லரிங். மொத்தப் போட்டியை வென்றது போலந்தின் கசியா நியேவியாடோமா, 4 செக்கன் வித்தியாசத்தில்.