வேலை மேசை ஆடக்கூடாது: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கனடாவில் இருக்கும் என் மச்சான் வேட்டைத் துவக்குக்கான தோட்டாக்களை வீட்டுக் கராஜிலேயே திரும்ப நிரப்புகிறார். வீடியோவில் அவருடைய மேசையைக் காட்டினார், அவ்வளவு உறுதி, அவ்வளவு துப்புரவு. அதே மாதிரி ஒன்று செய்து தூண்டில் ரீல், படகு இன்ஜினின் கார்புரேட்டர் எல்லாம் வீட்டிலேயே திருத்த ஆசை. பின்வளவில் ஒரு சின்னக் கொட்டில் இருக்கிறது. எப்படித் தொடங்குவது?
– வாசகர், உப்புவெளி

பதில்: மச்சானிடமிருந்து மேசையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டா நிரப்புவது அங்கே அவருக்குச் சட்டப்படி சரியாக இருக்கலாம், இங்கே இலங்கையில் 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டமும் 1956ஆம் ஆண்டின் வெடிபொருட்கள் சட்டமும் இருக்கின்றன, உரிமம் இல்லாமல் வெடிமருந்தில் கை வைத்தால் பொலிஸ், நீதிமன்றம் என்று அலைய வேண்டியதுதான். நீங்கள் அதைக் கேட்கவில்லை என்று தெரியும், ஆனாலும் இந்தப் பக்கத்தைப் பொடியன்களும் வாசிக்கிறார்கள்.

சரி, மேசைக்கு வருவோம். அவருடைய மேசை அப்படி அசையாமல் நிற்பதற்குக் காரணம் அந்த வேலைதான். சுட்ட பித்தளைக் கூடு கொஞ்சம் விரிந்துபோயிருக்கும், அதை அச்சுக்குள் தள்ளிப் பழைய அளவுக்கு நெருக்க, மேசையில் பூட்டிய அழுத்தி என்ற கைக்கருவியின் கைபிடியை உடம்புப் பாரத்தோடு கீழே இறக்கவேண்டும், திரும்ப ஏற்றும்போது மேசை விளிம்பே மேலே கிளம்பப் பார்க்கும். அதனால் அழுத்தியை வெறும் திருகாணியால் பூட்டமாட்டார்கள், பலகையை முழுதாகத் துளைத்து, அடியில் இரும்புத் தகடு கொடுத்து, போல்ட் நட் போட்டு இறுக்குவார்கள். உங்களுக்கு அழுத்தி தேவையில்லை, பொருளை இறுகப் பிடித்துக்கொள்ளும் வைஸ் தேவை. உப்பில் இறுகிப்போன நட்டைக் கழற்றும்போது நீங்கள் வைஸைப் படுத்தப்போகிற பாடு அதற்குக் குறைந்ததல்ல. ஆகவே அதே பூட்டு முறைதான், அதுவும் மேசைக்காலுக்கு நேர் மேலே, நடுப் பலகையில் வேண்டவே வேண்டாம். உயரத்துக்கு அளவுகோல் உங்கள் உடம்புதான்: நிமிர்ந்து நின்று கையை மடக்கினால் முழங்கை எங்கே நிற்கிறதோ, வைஸின் வாய் அங்கே நிற்கவேண்டும்.

மரத்துக்கு நாம் தூரம் போகத் தேவையில்லை. சாவண்டலை, சிங்களத்தில் ஹல்மில்ல, ஒரு காலத்தில் நம்முடைய திருகோணமலையின் பெயரிலேயே சென்னைக்குப் போய் அங்கே அலையைக் கடக்கிற மசூலாப் படகு கட்ட உதவிய மரம். புதிதாக வாங்கினால் விலையும் தலையிடி, அனுமதிப் பத்திரமும் தலையிடி. பழைய வீடு இடிக்கிற இடத்தில் வளையோ கதவு நிலையோ கிடைத்தால் விடாதீர்கள், 2 அங்குலத் தடிப்பு இருந்தால் போதும், பல வருஷம் காய்ந்த மரம் இனி முறுகாது.

சுவரில் பூட்டுவதற்கு முன்பு சுவரைத் தட்டிப் பாருங்கள். நம்முடைய கொட்டில்கள் பல உள்ளே பொந்துள்ள சீமெந்துக் கல்லில் கட்டியவை, அதில் பிளாஸ்டிக் பிளக் அடித்துப் பாரம் கொடுத்தால் பிளக்கோடு கல்லும் உதிர்ந்து வரும். அந்த மாதிரிச் சுவர் என்றால் மேசையைத் தரைக் கொங்கிறீற்றில் பூட்டுங்கள். கறையான் ஏறாமல் கால்களுக்குக் கீழே ஒரு தகடும் வையுங்கள். போல்ட் எல்லாம் துருவேறாத வகையாக இருக்கட்டும், கடலுக்கு இவ்வளவு கிட்ட, ஒரு வாடைக்காற்றுப் பருவம் போனாலே சாதாரண போல்ட் சிவந்துவிடும்.

மச்சானிடம் எடுத்துக்கொள்ளவேண்டிய இன்னொன்று இருக்கிறது, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. கவனமாக நிரப்புகிறவர்கள் மேசையில் ஒரு நேரத்தில் ஒரு வெடிமருந்து டின்னுக்கு மேல் வைக்கமாட்டார்கள், ஏனென்றால் டின் மாறி வேறு மருந்தை நிரப்பினால் துவக்கே வெடித்துச் சிதறலாம், கையும் போகலாம். நீங்களும் ஒரு கார்புரேட்டரைப் பூட்டி முடிக்கும்வரை அடுத்ததைத் திறக்காதீர்கள். உள்ளே பெற்றோலை அளந்து விடும் ஜெட் அரிசி மணியைவிடக் கொஞ்சம்தான் பெரிது, நடுவில் ஊசித் துவாரம், இரண்டு இன்ஜினின் ஜெட்டுகள் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தால் கண்ணுக்கு ஒன்றுதான். விளிம்புள்ள தட்டில் வெள்ளைத் துணி விரித்து, கழற்றிய வரிசையிலேயே வையுங்கள். அப்புறம் பெற்றோலால் கழுவுவதை வெளியில் வைத்துக்கொள்ளுங்கள், அதன் ஆவி காற்றைவிடப் பாரம், மேலே ஜன்னல் திறந்திருந்தாலும் தரையோடு தேங்கி நிற்கும்.

கேள்வி: நகைத் திருத்த வேலை செய்கிறேன். புதிய டிஜிட்டல் தராசில் கடைசி இலக்கம் நிற்கவே மாட்டேன் என்கிறது. தராசு பழுதா?
– வாசகர், திருகோணமலை நகர்

பதில்: முதலில் மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஜன்னலையும் சாத்துங்கள். மேசை ஆடினாலும் இலக்கம் ஓடும். தராசைப் போட்டுக் கொஞ்ச நேரம் சூடேறவிட்டு, எடை தெரிந்த பரீட்சைக் கல்லை வைத்துச் சரிபார்த்த பிறகே நிறுக்கவேண்டும். அதற்குப் பிறகும் ஓடினால் கடைக்காரரிடம் கொண்டுபோங்கள்.

கேள்வி: வலைக்கு ஈயக் குண்டு வார்க்க என் கணவர் குசினி அடுப்பிலேயே ஈயம் உருக்குகிறார். சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். பயப்படவேண்டுமா?
– வாசகி, கிண்ணியா

பதில்: ஓம், பயப்படவேண்டும் சகோதரி, இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். ஈயம் 327 பாகை செல்சியஸில் உருகும். மேலே படரும் கசடைச் சுரண்டும்போது பறக்கும் தூசு தரை, சட்டை, கை எல்லாவற்றிலும் படியும், தவழுகிற பிள்ளை அதைத்தான் வாயில் வைக்கும். ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும், கெட்டது திரும்பாது. செய்துதான் ஆகவேண்டும் என்றால் வெளியில், பிள்ளைகள் இல்லாத இடத்தில், சமையலுக்கு ஒருநாளும் எடுக்காத சட்டியில் செய்யட்டும். உருகிய ஈயத்துக்குள் ஈரக்கட்டி ஒன்று விழுந்தாலே தண்ணீர் சட்டென்று ஆவியாகி ஈயத்தை முகத்துக்குத் தெறிக்க வைக்கும், ஆகவே மழை நாளில் வேண்டாம். பழைய பற்றரி ஈயத்தைத் தொடவே வேண்டாம். வேலை முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவி, உடுப்பை மாற்றிவிட்டே பிள்ளையைத் தூக்கவேண்டும். குசினித் தரையைக் கூட்டாமல் ஈரத்துணியால் துடையுங்கள், பிள்ளைகளைப் பற்றி டொக்டரிடமும் சொல்லுங்கள்.

கேள்வி: தோட்டம் கொத்தும்போது பச்சை பிடித்த துவக்கு ரவைகள் சில கிடைத்தன. பித்தளையை விற்கலாமா?
– வாசகர், மூதூர்

பதில்: வேண்டாம். எத்தனை வருஷம் மண்ணில் கிடந்தாலும் உள்ளே வெடிமருந்து வேலை செய்யலாம், பக்கத்தில் வேறு எதுவும் புதைந்திருக்கலாம். தட்டவோ, சூடாக்கவோ, வீட்டுக்குக் கொண்டுவரவோ வேண்டாம். தூரத்திலிருந்து ஒரு தடியை அடையாளமாக நட்டு, வந்த வழியாலேயே திரும்பி, பொலிஸின் 119க்கு அழையுங்கள். அவர்கள் வந்து பார்க்கும்வரை அந்தப் பக்கம் மாடும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.